அறுமீனை எண்ணுவோம்



பதினோராம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண், பள்ளி ஆய்வுக்கு வானியலில் ஒரு தலைப்புக் கேட்டு என்னிடம் வந்தாள். "கருந்துளையைப் பற்றி எழுதட்டுமா, அத்தை?" என்றாள். "எழுதலாம் அம்மா. ஆனால் நூல்களில் உள்ளதைத்தானே எழுதுவாய்? நீயே கண்டறிவது எது?" என்றேன். சற்று நேரம் மௌனமாக இருந்தவள், "இருங்காட்டுக்கோட்டையில் வானமே சரியாகத் தெரிவதில்லையே, அத்தை" என்றாள்.

அந்தக் குறையே ஆய்வுத் தலைப்பாயிற்று.

கார்த்திகை மீன்கூட்டத்தைச் சங்கப் புலவர்கள் அறுமீன் என்றனர். அவ்வாறனுள் மிகுந்த ஒளியுடையதன் ஒளித்தரம் 2.9, மிகக் குறைந்ததன் தரம் 4.3. எண் கூடக்கூட ஒளி குறையும். ஆகவே வானம் வெளுக்க வெளுக்க, மங்கியவை முதலில் மறையும். எத்தனை தெரிகின்றன என்று எண்ணினாலே வானத்தின் இருளை அளந்துவிடலாம். தொலைநோக்கி வேண்டியதில்லை. தை மாதம், நிலவில்லா இரவு, ஏழரை மணி. கூட்டம் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். இருபது நிமிடம் கண்களை இருளுக்குப் பழக்கி எண்ண வேண்டும். பல இரவுகள் எண்ணிக் குறிக்க வேண்டும்.

தொழிற்சாலை விளக்குகள் சூழ்ந்த எங்கள் தெரு மாடியில் அவள் கண்டவை நான்கு. விடுமுறையில் சென்ற சிற்றூரில் ஆறு. "சின்ன வயதில் இங்கேயே ஆறும் பார்த்தேன்" என்றார் அவள் பாட்டி. "பாட்டி சொன்னது நினைவு, நீ எண்ணியது அளவு. இரண்டையும் தனித்தனியே எழுது" என்றேன்.

சிறிய தலைப்பு என்று எவரும் இகழ வேண்டா. சென்னை வான் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ஒரு மீனின் ஒளி மாறுகிறதென்று ஓர் இரவில் அறிய இயலாது. மீண்டும் மீண்டும் நோக்குபவர்க்கே அது புலப்படும். நல்ல இருளை நாடியே வைணு பாப்பு ஜவ்வாது மலைக் காவலூரைத் தேர்ந்தார், 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே செயற்படத் தொடங்கியது. இருளும் ஒரு செல்வம் என்பதை அறிந்தோர் அவர்கள்.

ஆலைகள் நம் வீடுகளில் அடுப்பெரியச் செய்தவை. அவற்றை நான் பழிக்கவில்லை. விளக்கை நிலம் நோக்கிக் கவிழ்த்தால் வேலையும் நடக்கும், வானும் பிழைக்கும். அவளது கட்டுரை இப்படித்தான் முடிந்தது.

என் குறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இருபதாண்டுகள் வகுப்பில் 'அறுமீன்' என்று பொருள் உரைத்தவள் நான். ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. காணாத விண்மீன்களைக் கவிதைதோறும் தூவுகிறோம். கவிஞர்களே, இன்றிரவு எழுதுமுன் மாடிக்குச் சென்று ஒருமுறை எண்ணுங்கள். நான்குதான் தெரிந்தால், நான்கென்றே எழுதுங்கள்.