மீதி அரைப் பங்கு



நான் பல ஆண்டுகள் வேலை பார்த்தது ஓர் ஈராசிரியர் பள்ளியில். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், 43 பிள்ளைகள். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் கூடத்தில் உட்காரும். நான்கும் ஐந்தும் தாழ்வாரத்தில். ஒரு வகுப்புக்கு நடத்துவது இன்னொரு வகுப்பின் காதில் விழாமல் இருக்காது. ஆரம்பத்தில் அது எனக்குப் பெரிய தொந்தரவாகத் தெரிந்தது.

ஒரு மாசி மாதம். ஐந்தாம் வகுப்புக்கு நீட்டலளவை நடத்திக்கொண்டிருந்தேன். மீட்டர், சென்டிமீட்டர் எல்லாம் கரும்பலகையிலேயே கிடந்தால் பிள்ளைகளுக்கு ஒட்டாது என்று ஒரு சணல் கயிறு, ஒரு மீட்டர் கோல், இரண்டு சாக்பீஸ் கொடுத்து, "கொடிக்கம்பத்தோட நிழலை மணிக்கொரு தடவை அளந்து எழுதுங்க" என்று வெளியே அனுப்பினேன். கம்பம் நாலு மீட்டர் உயரம். காலை பத்து மணிக்கு நிழல் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் இருந்தது. பகல் பன்னிரண்டரைக்கு ஒன்றரை மீட்டர்கூட இல்லை. நாலு மணிக்கு ஆறு மீட்டரைத் தாண்டிக் கிழக்கு வேலிக்கு அடியில் நுழைந்துவிட்டது. கணக்கு நோட்டில் எழுதினார்கள். என்னைப் பொறுத்தவரை பாடம் முடிந்தது.

மறுநாள் சத்துணவு இடைவேளையில், அளந்த பிள்ளைகளில் ஒருத்தியைச் சுற்றி நாலைந்து சின்னப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்கிறான்: "அக்கா, மத்தியானம் அந்த நிழல் எங்க போச்சு?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவன் தோளைப் பிடித்து வெயிலில் நிறுத்தினாள். "உன் காலைப் பாரு. சூரியன் மேல ஏறுச்சுன்னா நிழல் காலுக்குள்ள சுருண்டுக்கும். கீழ இறங்குச்சுன்னா நீட்டிப் படுத்துக்கும். அது எங்கயும் போகலடா, உன்கூடத்தான் இருக்கு."

பையன் விடவில்லை. "அப்ப சூரியன் தலைக்கு நேரா வந்துட்டா நிழலே இருக்காதா?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. என்னிடம் ஓடி வந்தாள். நான் சொன்னேன்: "அப்படி ஒரு நாள் இருக்கு, கண்ணு. நம்ம பக்கம் ஏப்ரல்ல வரும்." கன்னியாகுமரிப் பக்கம் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், சென்னையில் 24ஆம் தேதி வாக்கில், நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே வரும். நேராக நிற்கிற கம்பத்துக்கு அந்த ஒரு சில நிமிடம் நிழல் பக்கவாட்டில் விழாது. நிழலில்லா நாள் என்று சொல்கிறோம். ஆகஸ்ட் வாக்கில் மறுபடியும் ஒரு முறை வரும்.

பாருங்கள், கணக்குப் பாடமாக வெளியே போனது அறிவியலாகத் திரும்பி வந்தது. அந்த வாரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவளே அதைப் பேசினாள். பேசுவதற்காகப் பத்து வரி எழுதினாள், அது தமிழாயிற்று. கிழக்கு மேற்கு சொல்லாமல் நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்று விளக்க முடியவில்லை, சமூக அறிவியலும் உள்ளே வந்தது. நாலு பாடத்தையும் இணைக்கும்படி நான் திட்டம் எதுவும் போடவில்லை. ஒரு பிள்ளை தெரிந்துகொண்டதை இன்னொரு பிள்ளைக்குச் சொல்ல வாய்த்தது, அவ்வளவுதான். பாடவேளை மணி நாம் அடிப்பது. பிள்ளையின் மனசுக்குள் அந்த மணி அடிப்பதில்லை.

இதை ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல நான் சொல்லக் கூடாது. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இலக்கண நூல்தான். ஆனால் அதன் பாயிரத்தில், மாணவன் எப்படிக் கற்கிறான் என்று ஒரு கணக்கே போட்டிருக்கிறார். ஆசிரியர் சொல்வதை எத்தனை கவனமாகக் கேட்டாலும் கால் பங்குதான் பிடிபடும். கூடப் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால் பங்கு வரும். மீதி இரண்டு கால், அதாவது சரிபாதி, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் நிறையும். நம் பள்ளிகளில் முதல் கால் பங்குக்கு நாள் முழுவதையும் கொடுக்கிறோம். கடைசி அரைப் பங்குக்கு ஆண்டு விழாவில் ஐந்து நிமிடம் கொடுக்கிறோம்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல்லித்தருதல் வேறு விதமாக நடந்தது. உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் அந்தப் படிப்பை விரிவாகச் சொல்லியிருக்கிறார். சட்டாம்பிள்ளை என்று மூத்த மாணவன் ஒருவன் இருப்பான். அவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள். சின்னவனுக்கு உபாத்தியாயரைவிட இந்த அண்ணன்தான் பக்கத்தில் இருப்பவன்.

இந்த மணலெழுத்து சீமை வரைக்கும் போயிற்று. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளியைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். பெல் என்ன செய்தார் தெரியுமா? ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வேலையை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியர்கள் முடியாது என்றதை அந்த எட்டு வயதுப் பிள்ளை செய்து காட்டினான். பெல் 1796இல் ஊர் திரும்பி, மறுவருஷமே லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். மெட்ராஸ் முறை என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்று ஒரு பள்ளி இருக்கிறது.

ஆனால், நேயர்களே, இதில் பெருமைப்பட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. சீமைக்குப் போன முறை கொஞ்ச காலத்தில் மலிவான ஏற்பாடாக மாறியது. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஓர் ஆசிரியர், வரிசைக்கு ஒரு சட்டாம்பிள்ளை. அவன் சொல்வதை வரிசை ஒப்பிக்கும். கேள்வி கேட்க இடமில்லை. இங்கே நம் திண்ணையிலும் சட்டாம்பிள்ளையின் அதிகாரத்துக்குப் பயந்து அவனுக்குத் தின்பண்டம் கொண்டுபோய்க் கொடுத்த கதைகளை நம் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எப்போதும் ஒரே பிள்ளை சொல்லி, மற்றவர்கள் எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தால் அது பகிர்தல் ஆகாது. கால் பங்கு கற்றவன் இன்னொருவனை மிரட்டுகிறான், அவ்வளவே. இன்றைக்கும் பல வகுப்புகளில் முதல் பெஞ்சுப் பிள்ளை ஒன்றுதான் திரும்பத் திரும்ப எழுந்து சொல்கிறது. கடைசியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் சொல்ல ஒன்று இருக்கும். ஆடு எந்த இலையைத் தின்னும், எதைத் தின்னாது என்று அவனுக்குத் தெரியும். அறிவியல் பாடத்தில் தாவரம் வரும்போது அவனை எழுப்பிக் கேட்டிருக்கிறோமா?

நம் காலத்தில் தமிழ்நாடு ஒரு நல்ல முயற்சி செய்தது. மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலிப் பள்ளியில் வளர்ந்த முறையைப் பார்த்துவிட்டு, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007-08 வாக்கில் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை பிள்ளைகள் கலந்து தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சுவரைச் சுற்றி, பிள்ளை உட்கார்ந்தபடியே எழுதும் உயரத்தில் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பி கட்டி அவர்கள் வரைந்த படங்கள். பாடம் அட்டை அட்டையாகப் பிரிந்திருக்கும். சில அட்டைகளை ஆசிரியரோடு, சிலவற்றைக் கூடப் படிக்கும் பிள்ளையின் உதவியோடு, சிலவற்றைத் தானாகவே செய்ய வேண்டும். கூடப் படிக்கும் பிள்ளையின் உதவி என்பதற்குப் பாடத்திட்டத்திலேயே இடம் கொடுத்த ஏற்பாடு அது.

குறைகள் இருந்தன. அட்டைகளை அடுக்கி வைக்கவே ஆசிரியருக்கு நேரம் போயிற்று. வகுப்பில் ஒரே சத்தம் என்று பெற்றோர் குறைப்பட்டார்கள். அந்தச் சத்தத்தைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லும் சத்தமும், வெறும் கூச்சலும் வேறு வேறு. ஒரு மாதம் வகுப்பில் உட்கார்ந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். பிறகு 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துக் கற்பிக்கச் சொன்னது. திட்டத்தின் பெயர் எதுவானாலும், பிள்ளை வாய் திறந்து சொல்ல நேரம் ஒதுக்குகிறோமா என்பதுதான் என் கேள்வி.

பிள்ளை வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் பள்ளிச் சத்துணவு அறையிலிருந்து ஒரு காட்சி. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி என்பது அளவு. நான்காம் வகுப்பில் கிலோகிராம், கிராம் படித்த ஒரு பையன் சமையல் செய்யும் அம்மாவிடம் போய், "இன்னிக்கு எத்தனை பேர் வந்திருக்காங்க, தெரியுமா?" என்று கேட்டிருக்கிறான். 38 பேர். "அப்ப மூணு கிலோ எண்ணூறு கிராம்" என்று சொல்லி, எடை போடும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். அந்த அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். அன்றிலிருந்து தினமும் அவனைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்பார். அவரும் பதிலுக்கு ஒன்று சொல்லித்தந்தார்: பழைய அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், புது அரிசிக்கு எவ்வளவு. பையன் வகுப்புக்கு வந்து எங்களிடம் அதைச் சொன்னான். பழைய அரிசி ஏன் அதிகத் தண்ணீர் குடிக்கிறது என்று அரைமணி நேரம் பேசினோம். எந்தப் பாடவேளையில் பேசினோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒரு வருத்தத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வளர்பிறை தேய்பிறையைத் தோழிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். தோசையைக் கடித்துக் கடித்துக் காட்டுவதுபோலக் கையை வைத்து, தன் வீட்டுப் பேச்சில், ஆர்வமாக. நான் குறுக்கே போனேன். "அப்படிச் சொல்லக் கூடாது, நிலா குறையாது, சரியான தமிழ்ல சொல்லு" என்று திருத்தினேன். நான் சொன்ன செய்தி சரிதான். ஆனால் அவள் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷம் முழுக்க வகுப்பில் அவள் தானாக எழுந்து எதையும் சொல்லவில்லை. அவளுடைய மீதி அரைப் பங்கை நான்தான் நிறுத்திவிட்டேன் என்று பல வருஷம் கழித்து எனக்குப் புரிந்தது. அவள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்து, பிறகு, "நிலா குறையுதா, இல்ல நமக்குத் தெரியிறது குறையுதா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு பாடவேளையை விட்டுக்கொடுங்கள். ஐந்தாம் வகுப்பு இரண்டாம் வகுப்போடு உட்காரட்டும். இன்றைக்குச் சொன்ன பிள்ளை அடுத்த வாரம் கேட்கட்டும், கேட்ட பிள்ளை சொல்லட்டும்.

பெற்றோர்களே, இன்று சாயங்காலம் பிள்ளை பையைக் கழற்றி வைத்ததும், "எத்தனை மார்க்கு?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்குப் படிச்சதுல ஒண்ணை எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேளுங்கள். அம்மாவுக்கு அடுப்படியில் வேலை இருந்தால் பாட்டி கேட்கட்டும், தம்பி கேட்கட்டும். தப்பாகச் சொன்னாலும் முடிக்கும்வரை குறுக்கே போக வேண்டாம். முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், பிள்ளை நாளைக்கு அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போகட்டும்.