வலையின் கண்ணியும் ஓர் அமானிதமே

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே! ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



கடல் உணவை அல்லாஹ் நமக்கு ஹலாலாக்கியுள்ளான். அந்த ஹலாலான உணவு நம் வீடு வந்து சேர்வதற்குள் எத்தனை உயிர்கள் வீணாகின்றன என்று என்றேனும் எண்ணியதுண்டா?

விசைப்படகின் இழுவலை கடலடியை வாரிச் செல்கிறது. தேடுவது இறால், மடியில் சேர்வதோ மீன்குஞ்சு, நண்டு, கடலாமை என அனைத்தும். விலை போகாதவை செத்த நிலையில் கடலிலேயே கொட்டப்படுகின்றன. அல்லது 'சங்காயம்' என்ற பெயரில் மீன்தூளுக்கும் கோழித் தீவனத்துக்கும் அற்ப விலைக்குப் போகின்றன. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் பிடித்துவிட்டு எறியப்படும் கடல் மீன் ஆண்டுக்கு ஏறத்தாழ 91 இலட்சம் டன். அதில் ஏறக்குறையப் பாதி கடலடி இழுவலைகளால் நேர்வது.

வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் தன் இறைவனிடம் முறையிடும் என்ற கருத்துடைய நபிமொழி நஸயீயில் பதிவாகியுள்ளது. ஒரு குருவிக்கே இந்த நிலை என்றால், இலட்சக்கணக்கான குஞ்சுகளுக்கு என்ன பதில் சொல்வோம்?

பரிகாரம் கடினமானதன்று. சாய்சதுரக் கண்ணி, வலை இழுபடும்போது இறுகி மூடிக்கொள்ளும். சதுரக் கண்ணி திறந்தே நிற்கும், குஞ்சுகள் தப்பிவிடும். வலைக்குள் சாய்வாகக் கம்பிச் சட்டம் பொருத்தினால் இறால் கம்பிகளினூடே மடிக்குள் செல்லும். ஆமை மேலுள்ள திறப்பால் வெளியேறும். இறாலையும் வளர்ந்த மீனையும் தனித்தனியே சேர்த்து, குஞ்சுகளை விடுவிக்கும் சாதனத்தைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது. 2005இல் அது சர்வதேசப் போட்டியொன்றில் பரிசும் பெற்றது.

"பிடித்ததைத் தப்பவிட்டால் நட்டம் அல்லவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தொடக்கத்தில் வரவு சற்றுக் குறையக்கூடும். ஒருவர் விட்ட குஞ்சை அடுத்த படகு வாரிக்கொண்டால் விட்டவருக்கே இழப்பு. ஆகவேதான் ஊர் கூடி ஒருமித்துச் செய்யவேண்டும். இன்று தப்பிய குஞ்சு நாளை வளர்ந்த மீனாக, பன்மடங்கு எடையோடு திரும்பும். அதுவே பரக்கத்!

தமிழகத்தில் இழுவலை மடியின் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. விதிப்படி ஒரு மடியை வெளியே காட்டி, உள்ளே சிறுகண்ணி மடியை வைத்துத் தைப்பது தந்திரம். ஸப்த்து நாளில் மீன்பிடிக்கத் தந்திரம் செய்த சமுதாயத்தின் வரலாறு அல்அஃராஃப் அத்தியாயத்தில் வருகிறது. அவர்களில் வரம்பு மீறியோர், அவர்களைத் தடுத்தோர், "இவர்களுக்கு ஏன் உபதேசம்?" என்று தடுத்தோரிடம் கேட்டோர் என மூன்று சாரார் இருந்தனர். தடுத்தோரை அல்லாஹ் காப்பாற்றியதாகக் குர்ஆன் தெளிவாகக் கூறுகிறது. நாம் எந்தச் சாராரில் இருக்கிறோம்?

கடலுக்குச் செல்லாத குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. நெத்தலி, சாளை இயல்பிலேயே சிறியவை; அவற்றை வாங்குவதில் தவறில்லை. வஞ்சிரம், பாறை, சங்கரா போன்றவற்றின் குஞ்சுகள் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். வாங்குவோர் இல்லையெனில் பிடிப்போரும் குறைவர்.

மனிதரின் கரங்கள் செய்தவற்றால் தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டிலிருந்து நம்மைக் காத்து, உணவிலும் தொழிலிலும் பரக்கத் செய்ய வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.