சிறைக்குள் கட்டடத் தொழிற்கல்வி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகம் ஒன்று தன் வெள்ளி விழாவில் சிறையைப் பற்றிப் பேச இடந்தருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பட்டம் பெற்றவர்களையும் பதவி பெற்றவர்களையும் பாராட்டும் நாளில், படிப்பை இடையில் விட்டுச் சிறை புகுந்தவர்களைப் பற்றிய பேச்சு எதற்கு என்று கேட்கலாம். அவர்களும் நம் பிள்ளைகள் என்பதே என் விடை.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர் எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாதவர்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டு மக்களில் நூற்றுக்கு 16.6 பேர் பட்டியல் சாதியினர். சிறையிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். பிணை நிற்க ஆளில்லாமையும், வழக்கு நடத்தப் பணமில்லாமையும் இந்தக் கணக்கிற்குள் மறைந்து கிடக்கின்றன.

சிறையில் வேலைக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. கோவைச் சிறையில் வ. உ. சிதம்பரனார் செக்கிழுத்ததை நாம் அறிவோம். அந்தமானில் 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த செல்லுலார் சிறையைக் கட்டியவர்கள் கைதிகளே. தம்மை அடைக்கும் சுவரைத் தம் கையாலேயே எழுப்பிய அவர்களை எவரும் கொத்தனார் என்று அழைக்கவில்லை. வேலை வாங்குவது வேறு, தொழில் கற்பிப்பது வேறு. வேலை வாங்குபவன் சுவர் எழுந்ததா என்று பார்க்கிறான். தொழில் கற்பிப்பவனோ சுவர் எழுப்பிய மனிதன் நாளை தனியே நின்று இன்னொரு சுவரை எழுப்புவானா என்று பார்க்கிறான். இன்று நான் சொல்ல வந்ததும் இந்த வேறுபாட்டைப் பற்றியதே.

இவ்வேறுபாடு நம் சமுதாயத்திற்கு மற்றவர்களைக் காட்டிலும் நன்கு விளங்கும். ஊரில் இருந்த சாதிப் பாகுபாடு சிறை வாயிலில் நின்றுவிடவில்லை, உள்ளேயும் புகுந்தது. சமையல் இன்ன சாதியாருக்கு, துப்புரவு இன்ன சாதியாருக்கு என்று பல மாநிலங்களின் சிறை விதிநூல்கள் எழுத்திலேயே வகுத்து வைத்திருந்தன. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 3-10-2024 அன்று உச்ச நீதிமன்றம் அவ்விதிகளைச் செல்லாதவையாக்கிற்று. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கென இருந்த பத்தியை நீக்கவும், மூன்று மாதங்களுக்குள் விதிநூல்களைத் திருத்தவும் ஆணையிட்டது. தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவும், கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23-ஆம் பிரிவும் அத்தீர்ப்பின் அடித்தளங்களுள் அடங்கும்.

துடைப்பத்தை ஒரு சாதியின் கையில் திணிக்கக் கூடாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. விடுபட்ட அந்தக் கையில் எதைக் கொடுப்பது என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. கரண்டியும் ரசமட்டமும் அளவு நாடாவும் கொடுக்கலாம் என்பது கட்டடத் தொழில் கற்பிப்பவனாகிய என் கருத்து.

"மீண்டும் மண்ணும் கல்லும் சுமக்கும் வேலைதானா நம்மவர்க்கு?" என்று படித்த இளைஞர் ஒருவர் இங்கே கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. கட்டட வேலையில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறார்கள். ஆனால் பெரும்பாலும் சித்தாளாக இருக்கிறார்கள். இருபது ஆண்டு செங்கல் சுமந்தவர் இருபத்தோராம் ஆண்டும் செங்கலே சுமக்கிறார். சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் இடையே இருப்பது உடல் வலிமையின் வேறுபாடு அன்று. அளவின் வேறுபாடு, கணக்கின் வேறுபாடு. அந்தக் கணக்கைக் கற்பிக்காமல் கலவை போடுவதை மட்டும் பழக்கினால், அது பழைய சுமையை அரசு முத்திரையுடன் திருப்பித் தருவதாகவே முடியும்.

எனவே பாடத்தை அளவிலிருந்து தொடங்க வேண்டும். நூலில் 3 அடியும் 4 அடியும் இரு பக்கங்களில் குறித்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரியான செங்கோணம் என்பதைப் பள்ளியில் தோற்றவனும் தரையில் நின்று பார்த்தவுடன் புரிந்துகொள்கிறான். கலவையோடு சேர்த்து 20 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள செங்கல்லால் ஒரு கன மீட்டர் கட்டுவதற்கு 500 கல் வேண்டும். இதனைத் தானே பெருக்கி வகுத்துக் கண்டவனை ஒப்பந்தக்காரர் எளிதில் ஏமாற்ற இயலாது. சாதாரணச் சிமெண்டு தண்ணீர் பட்ட 30 நிமிடத்திற்கு முன் இறுகத் தொடங்கலாகாது என்பது தரவிதி. கலந்து வைத்த கலவையைக் காலந்தாழ்த்தாமல் செலவழிப்பதும், கட்டிய சுவரைக் குறைந்தது 7 நாள் நனைத்து வைப்பதும் ஏன் என்று அறிந்தவன், பிறர் ஏவாமலே வேலை செய்வான். தூக்குக்குண்டு எவருடைய சாதியையும் வழக்கையும் கேட்பதில்லை. சுவர் நேராக இருந்தால் நேர், சாய்ந்திருந்தால் சாய்வு. பல ஆண்டுகள் பிறருடைய தீர்ப்புக்குக் காத்திருந்த ஒருவனுக்குத் தன் வேலையைத் தானே சோதித்துத் திருத்திக்கொள்ளும் உரிமை கிடைப்பது சிறிய பேறு அன்று.

சிறைக்குள் கற்பிப்பதில் வெளியில் இல்லாத இடர்கள் உண்டு. ஒவ்வொரு கரண்டியையும் உளியையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வகுப்பு கலையாது. இதனை அவமதிப்பாக்காமல் பாடமாக்குவது ஆசிரியரின் கடமை. கருவியைத் துடைத்து எண்ணி வைப்பது நல்ல தொழிலாளி எங்கும் கைக்கொள்ளும் பழக்கமே. பொருள் சிக்கனம் கருதிப் பயிற்சிச் சுவரை மண்சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டி, அளந்து மதிப்பெண் இட்டபின் பிரித்து, அதே கல்லைக் கொண்டு மீண்டும் கட்டச் செய்யலாம்.

கருவிக் கணக்கைவிடப் பெரிய இடர் காலக் கணக்கு. மின்பணியாளர் பயிற்சிக்கு இரண்டு ஆண்டு வேண்டும். பயில்பவரோ இடையில் வேறு சிறைக்கு மாற்றப்படலாம், பிணையில் போகலாம். விசாரணைக் கைதிக்கு நாளை எங்கிருப்போம் என்பதே தெரியாது. நீண்ட படிப்பை மட்டும் வைத்திருந்தால், சிறையில் இருப்போரில் முக்கால் பங்கினராகிய இவர்களுக்குக் கதவு அடைபட்டுப்போகும். ஆதலின் செங்கல் கட்டு, பூச்சு, தரைக்கல் பதித்தல், குழாய் இணைப்பு, வண்ணப்பூச்சு எனச் சில வாரங்களில் முடியும் சிறு பகுதிகளாகப் பாடத்தைப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் சான்று தர வேண்டும். விரும்பி வரும் விசாரணைக் கைதிக்கும் இடம் வேண்டும். பெண்கள் சிறையிலும் இப்பயிற்சி நடைபெற வேண்டும். கட்டட வேலையில் பெண் என்றால் சித்தாள் என்றே நாடு பழகிவிட்டது. தரைக்கல் பதிக்கவும் பூச்சு வேலை செய்யவும் அவர்களுக்கு ஏன் கற்பிக்கலாகாது?

சான்றிதழைப் பற்றி ஒன்று கூற வேண்டும். 1925-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணப் பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் முதலாகவே இளங்கைதிகளைத் திருத்திப் பயிற்றுவிக்கும் எண்ணம் நம் நாட்டில் உண்டு. 2015-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், தொழிற்பயிற்சியைச் சிறப்பாக இளங்கைதிகளுக்கு அளிக்க வேண்டும் என்றும், சிறைக்கல்வி நாட்டின் பொதுக்கல்வியோடு இணைந்திருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. வெளியிலுள்ள தொழிற்பயிற்சி நிலைய மாணவன் எழுதும் அதே தேர்வு, பெறும் அதே சான்றிதழ் என்பதே இதன் பொருள். அதில் சிறையின் பெயர் இருக்கலாகாது. இருந்தால், கற்ற தொழிலைக் காட்டும் தாளே பழைய வழக்கையும் காட்டிக் கொடுத்துவிடும்.

"குற்றத்தால் துன்புற்ற குடும்பங்களுக்கு யார் என்ன கற்பித்தார்கள்?" என்று கேட்பாரும் உளர். அவர்களில் பலர் நம் தெருவினரே. அக்கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1998-இல் உச்ச நீதிமன்றம், கடுங்காவல் கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்றும், அதில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டோருக்குச் சேர வழிசெய்ய வேண்டும் என்றும் கூறிற்று. கையில் தொழில் உள்ளவனே ஈடு செய்ய வல்லவன். ஒன்றும் கற்காமல் வெளிவருபவனால் அந்தக் குடும்பத்திற்கும் பயனில்லை. தன் குடும்பத்திற்கும் பயனில்லை.

இனி, கழகத்தாரிடம் சில வேண்டுகோள்கள்.

விடுதலையாகி வருபவன் முதல் மாதத்தில் கருவியின்றித் தவிக்கிறான். கரண்டி, மட்டப்பலகை, ரசமட்டம், தூக்குக்குண்டு, அளவு நாடா அடங்கிய பை ஒன்றைக் கழகம் கடனாகவேனும் தரலாம். நம்மவருள் கட்டட ஒப்பந்தம் எடுத்து நடத்துவோர் ஆண்டுக்கு இருவரையேனும் கொத்தனாராக, ஆம், சித்தாளாக அன்று கொத்தனாராகவே, சேர்த்துக்கொள்ள முன்வர வேண்டும். தமிழ்நாட்டில் 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர்களைப் பதிவு செய்ய, படித்த இளைஞர்கள் படிவம் நிரப்பித் தந்து உடன் செல்ல வேண்டும். பொறியியல் படிக்கும் மாணவர்கள், சிறைத்துறையின் இசைவு பெற்று, வாரம் ஒரு நாள் அளவும் வரைபடமும் கற்பிக்கச் செல்லலாம்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது, தொழில்நுட்பப் பயிற்சித் திட்டமும் அத்துறையின் பொறுப்பில் இருந்தது. சட்ட அறிவையும் அரசியல் உரிமையையும் வற்புறுத்திய அப்பெருந்தகை, கைத்திறனும் முறையான பயிற்சியின் வழியே எல்லார்க்கும் திறக்கப்பட வேண்டிய கல்வி என்பதைச் செயலில் உணர்த்தினார். அவர் வழி வந்தோம் எனச் சொல்லிக்கொள்ளும் நாம், அக்கல்வியின் எல்லையைச் சிறை மதிலுக்கு இப்பால் நிறுத்திக்கொள்வது பொருந்தாது.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கான திட்டத்தை இக்கழகம் வகுக்கும்போது, அதில் இப்பணிக்கும் ஒரு வரியும் ஒரு சிறு தொகையும் ஒதுக்குமாறு வேண்டி அமர்கிறேன்.