தூக்குக் குண்டும் தாழ்ந்த கடலும்

மல்லேசுவரத்தில் எந்தத் தெருவில் வீடு எழும்பினாலும் அங்கே தமிழ் பேசும் கொத்தனார் ஒருவரேனும் தூக்குக் குண்டும் கையுமாக நிற்பதைக் காணலாம். நூல் காட்டும் திசையே செங்குத்து என்பது அவர் நம்பிக்கை. அந்த நூல் பொய் சொல்லுமா? புவியீர்ப்பைப் பற்றிய அறிவை வளர்த்த கேள்விகளுள் இஃது ஒன்று. அதற்கு விடை தேடிய களம் நம் நாடு.

பொருள் ஒவ்வொன்றும் பிற பொருளைத் தன்பால் இழுக்கிறது. தொலைவு இரு மடங்கானால் இழுப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. நியூட்டன் இதனை 1687-இல் வெளியிட்டார். முன்னாளில் இதனை ஆகர்ஷண சக்தி என்றனர்; மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு ஈர்ப்பு என்ற சிறு சொல்லே இனிக்கிறது. பூமி இழுப்பதுபோல் மலையும் இழுக்கவேண்டுமன்றோ?

லாம்டன் என்பார் 1800-இல் பெங்களூர் அருகே அடிக்கோடு ஒன்றை அளந்தார். 1802-இல் சென்னையில் பெரும் நில அளவையைத் தொடங்கினார். அவருக்குப்பின் எவரெஸ்ட் அதனை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டுசென்றார். அங்கேதான் சிக்கல் எழுந்தது. கல்யான்பூர், கலியானா என்னும் இரண்டு இடங்களின் அட்சரேகை வேறுபாட்டை நிலத்தை அளந்தும் கண்டனர். விண்மீன்களை நோக்கியும் கண்டனர். இரண்டும் ஒவ்வவில்லை. பிழை 5.236 விகலை; நிலத்தில் ஏறத்தாழ 160 மீட்டர். விண்மீனை நோக்குவோரும் தூக்குக் குண்டைக் கொண்டே உச்சியை அறிகின்றனர். இமயம் அக்குண்டைத் தன்பால் இழுத்துவிட்டது!

கல்கத்தாவிலிருந்த பிராட் என்ற பாதிரியார் கணிதத்தில் வல்லவர். இமயத்தின் இழுப்பை அவர் 1855-இல் கணக்கிட்டபோது வியப்பு இரட்டித்தது. பிழை ஏறக்குறைய 15.9 விகலை இருந்திருக்கவேண்டும். கண்டதோ அதில் மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இழுப்பு எங்கே? அதே ஆண்டில் ஏரி என்ற வானநூலார் விடை கூறினார். நீரில் மிதக்கும் பருத்த மரக்கட்டை மேலே உயர்ந்து நிற்பதோடு கீழேயும் ஆழ்ந்திருக்கும். அவ்வாறே மலைக்கும் அடியில் வேர் உண்டு. அவ்வேர் சூழ்ந்துள்ள பாறையினும் இலேசானது. ஆகவே இழுப்பு குறைகிறது. தொங்கும் குண்டொன்று நிலத்தடியைக் காட்டிக்கொடுத்தது.

ஐன்ஸ்டைன் 1915-இல் ஈர்ப்பை வெளியும் காலமும் வளைவதாக விளக்கினார். ஆயினும் நிலத்தையும் கடலையும் அளக்க நியூட்டன் கணக்கே இன்றும் பெரும்பாலும் போதும்.

இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், 30 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் ஈர்ப்பு குன்றியுள்ளது. இழுப்பு மிக்க இடங்களுக்கு நீர் விலகிச் செல்வதால், அங்கே கடல்மட்டம், பூமிக்கு நாம் கொள்ளும் சீரான வடிவத்தினும் 106 மீட்டர் வரை தாழ்ந்திருக்கிறது. கப்பலில் செல்வோர் இப்பள்ளத்தை உணரார். கடற்பரப்பு எங்கும் தூக்குநூலுக்குச் செங்கோணமாகவே அமைவதால் சரிவு தோன்றாது.

மல்லேசுவரத்தை அடுத்துள்ள இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பால், அத்ரேயி கோஷ் ஆகியோர் 2023-இல் இதற்கு ஒரு விளக்கம் அளித்தனர். பதினான்கு கோடி ஆண்டு வரலாற்றைக் கணிப்பொறியில் நடத்திப் பார்த்தனர். டெதிஸ் என்ற பழங்கடலின் தரை பூமியினுள் அமிழ்ந்து ஆழத்திலிருந்த வெப்பப் பாறையைக் கலக்கியது. அப்பாறை ஆப்பிரிக்காவின் பக்கமிருந்து எழுந்து பரவியது. 300 முதல் 900 கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் அந்த இலேசான பாறையே பள்ளத்திற்குக் காரணம் என்பது அவர்கள் முடிவு. பள்ளம் இன்றைய வடிவம் பெற்றது சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பாம்.