விழுங்கிய பிறகு தொடங்கும் கதை

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நோய்த்தடைக்காப்புப் பாடம் என்றால் கரும்பலகையில் ஒரு போர்க்களம் வந்துவிடுகிறது. வெள்ளையணு காவலர், கிருமி எதிரி. காவலர் எதிரியை விழுங்கினார், கதை முடிந்தது. ஆறாம் வகுப்புக்கு இது போதும். பத்தாம் வகுப்பில் இதோடு நிறுத்தினால், காசநோய் ஏன் இத்தனை நாள் நீடிக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லவே முடியாது. அந்தக் கிருமியின் கதை, விழுங்கிய பிறகுதான் தொடங்குகிறது.

நோயாளி இருமும்போது வெளிவரும் நுண்துளிகளோடு கிருமி நம் நுரையீரலின் காற்று நுண்ணறை வரை போய்ச் சேருகிறது. அங்கே தூசி, கிருமி எது வந்தாலும் விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் இருக்கின்றன. செல்கள் இப்படி விழுங்கிக் காக்கின்றன என்ற கருத்து மெச்னிகாஃபுக்கு 1882இல், நட்சத்திரமீனின் இளவுயிரியில் முள்ளைக் குத்திப் பார்த்தபோது கிடைத்தது. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக ராபர்ட் காக் அறிவித்ததும் அதே 1882இல்தான், மார்ச் 24 அன்று. மாணவர்கள் மறக்காமல் இருக்க வசதியான ஆண்டு!

இனி ஒட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். மேக்ரோஃபேஜின் மேல் பலவகை ஏற்பிகள் உண்டு. ஒருவகை, மானோஸ் என்ற சர்க்கரையை அடையாளம் காணும். காசநோய்க் கிருமியின் சுவரில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு நீண்ட மூலக்கூறு இருக்கிறது. அதன் நுனியில் மானோஸ். ஏற்பி அதைப் பற்றிக்கொள்கிறது. இன்னொரு வழியும் உண்டு. நம் இரத்தத்தில் உள்ள நிரப்புப் புரதமான சி-3, ‘இதை விழுங்கு’ என்று கிருமியின் மேல் ஒட்டி வைக்கும் சீட்டு போன்றது. அந்தச் சீட்டைப் பிடிக்கவும் மேக்ரோஃபேஜில் தனி ஏற்பி உண்டு. பிடித்ததும் செல்சவ்வு கிருமியைச் சுற்றி வளர்ந்து மூடி, ஒரு பையாக உள்ளே இழுத்துக்கொள்கிறது.

கவனியுங்கள், கிருமி எதையும் துளைக்கவில்லை. சால்மொனெல்லா அப்படி இல்லை. ஊசி போன்ற ஓர் அமைப்பால் தன் புரதங்களைக் குடல் செல்லுக்குள் செலுத்தி, விழுங்கும் வேலையே இல்லாத செல்லையும் விழுங்க வைத்துவிடும். காசநோய்க் கிருமிக்கு அந்தச் சிரமம் வேண்டாம். விழுங்குவதையே தொழிலாகக் கொண்ட செல்லை அது தேடிப் போகிறது.

வழக்கமாக அந்தப் பை லைசோசோமோடு இணையும். அமிலமும் நொதிகளும் கிருமியைச் செரித்துவிடும். உயிருள்ள காசநோய்க் கிருமி இருக்கும் பைகள் பெரும்பாலும் அப்படி இணைவதில்லை என்பதை ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் என்ற இருவர் 1971இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். ‘இணையலாம்’ என்று பையின் சவ்வு தரவேண்டிய சைகையைக் கிருமி சுரக்கும் நொதிகள் அழிப்பது ஒரு காரணம். பிறகு அந்தப் பைக்குள்ளேயே அது நிதானமாகப் பெருகுகிறது. ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். இதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம்.

இதை வகுப்பில் நடித்தே காட்டலாம். 15 பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நிற்கட்டும், அதுதான் செல். கழுத்தில் ‘மானோஸ்’ அட்டை மாட்டிய பிள்ளை வெளியிலிருந்து வரட்டும். வட்டம் குழிந்து அவனைச் சூழ்ந்து, ஒரு சிறு வட்டமாகப் பிரிந்து உள்ளே போகட்டும். லைசோசோமாக இருக்கும் பிள்ளைகள் அந்தச் சிறு வட்டத்தைத் தொட முயல வேண்டும். மரத்தடியில் செய்யுங்கள், வகுப்பறை போதாது.

இப்படிச் செய்த ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், கிருமி உள்ளேயே இருந்தா, இருமல் நின்னதும் மாத்திரைய விட்டுடலாமா?” யாருக்காகக் கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை. எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொன்னேன். மருந்து, வேகமாகப் பெருகும் கிருமிகளை முதலில் கொல்கிறது. அதனால் சில வாரங்களிலேயே இருமல் குறையும், உடம்பு தேறும். மெதுவாகப் பெருகுபவையும் பெருகாமல் செல்லுக்குள் பதுங்கியவையும் மிச்சம் இருக்கும். வழக்கமான காசநோய்க்கு 6 மாதச் சிகிச்சை அவற்றுக்காகத்தான். இடையில் விட்டால் நோய் திரும்பும்; மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறலாம்.

பிள்ளைகளைப் பயமுறுத்தவும் வேண்டாம். கிருமி உள்ளே போனவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது. மற்றவர்களிடம் மேக்ரோஃபேஜுக்கு டி செல்கள் துணைவந்து கிருமியை அடக்கி வைக்கின்றன.

ஒதுக்கிவைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் தங்கிச் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்கள் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவுதான் உலகம் முழுவதும் சானடோரியங்களின் தேவையைக் குறைத்தது. எனவே, மருத்துவர் பள்ளிக்குப் போகலாம் என்று சொன்ன பிள்ளையைத் தனி பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். தட்டு, டம்ளர் வழியாக இது பரவாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் பிள்ளை இருந்தால் பெற்றோரை அழைத்துத் தனியாகப் பேசுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.