எதில் நூற்றுக்கு அறுபது?

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



அண்மையில் ஒரு தம்பதியர் உதவி கேட்டு நம்மிடம் வந்தார்கள். வெளியூர் மையம் ஒன்றில் "அறுபது சதவீதம் வெற்றி" என்றார்களாம். நகையை விற்று, வட்டிக்கும் வாங்கிச் செலவு செய்துவிட்டார்கள். குழந்தை தங்கவில்லை. "எதில் அறுபது என்று கேட்டீர்களா?" என்றோம். "கேக்கணும்னே தெரியாதுங்க பாய்" என்றார் அந்தச் சகோதரர்.

ஒரு கணக்குச் சொல்கிறோம். 100 பெண்கள் சோதனைக்குழாய் சிகிச்சை தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். அவர்களில் 80 பேருக்கே கருவைக் கருப்பையில் வைக்க முடிகிறது. 40 பேருக்குக் கர்ப்பம் என்று ரத்தப் பரிசோதனை சொல்கிறது. சில கலைந்து, 28 பேர் பிள்ளை பெறுகிறார்கள். 80-க்கு 40 என்றால் ஐம்பது சதவீதம். 100-க்கு 28 என்றால் இருபத்தெட்டு. இரண்டும் பொய்யல்ல. ஆனால் நமக்கு வேண்டியது பிள்ளையின் கணக்கு.

வயதையும் சேர்த்துக் கேளுங்கள். மையங்களின் கணக்கை அரசு அமைப்பே வெளியிடும் பிரிட்டனில், 35 வயதுக்குட்பட்ட பெண்களுக்குக் கருப்பையில் வைக்கும் கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் குழந்தையாகிறது. 43 வயதைத் தாண்டினால் நூற்றுக்கு ஐந்து அளவே.

நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு அனைத்தையும் மையம் முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டும். மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று தேர்ந்து தருவது குற்றம்.

அதற்கும் முன்னால் ஒன்று. குழந்தை இல்லையென்றால் நம் வீடுகளில் மருமகளைத்தான் முதலில் பேசுகிறோம். குறை ஆணிடமும் இருப்பது ஏறத்தாழ பாதித் தம்பதியரிடம் காணப்படுகிறது. விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. மாப்பிள்ளை கூச்சப்படாமல் முதலில் அதைச் செய்துகொள்ளட்டும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் பல மாப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இரண்டு மாத விடுப்பில் வந்து போனதை வைத்து "ஐந்து வருஷமாகப் பிள்ளையில்லை" என்று பெண்ணைக் குறை சொல்வது நியாயமா? சேர்ந்து வாழ்ந்து ஓராண்டு ஆகியும் கருத்தரிக்காவிட்டால் பரிசோதனைக்குப் போகலாம். பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போக வேண்டும்.

மார்க்கம் தடுக்குமா என்று கேட்கிறார்கள். நிக்காஹ் பந்தத்தில் இருக்கும் கணவன் மனைவியின் விந்தும் முட்டையும் மட்டுமே சேர்ந்து, கருவை அந்த மனைவியே சுமப்பது கூடும் என்று ஃபிக்ஹ் சபைகள் தீர்ப்பளித்துள்ளன. மூன்றாம் நபரின் விந்தோ முட்டையோ கூடாது. ஆகவே தங்கள் அணுக்கள் மட்டுமே பயன்பட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நகையைத் தொடும் முன் புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் மருத்துவரைப் பாருங்கள். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் இருக்கிறது. தனியாரிடம் போவதென்றால் அவர்கள் தரும் தாளை நம் அலுவலகத்திற்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம். யார் வந்தார் என்பது வெளியே போகாது.

ஸகரிய்யா நபி (அலை) முதுமையிலும் துஆவைக் கைவிடவில்லை. நாமும் கைவிட வேண்டாம். ஆனால் கடனில் வீட்டைத் தொலைக்கவும் வேண்டாம். ஸாலிஹான பிள்ளைகளை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.