யார் வீட்டுச் சேலை?



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ரோமாபுரிப் புருஷன்மார்களின் புலம்பலை அழகாக எடுத்துச் சொன்னார். வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் புலம்புகிறவன் மடியில் என்ன ஒளித்து வைத்திருக்கிறான் என்று யாராவது பார்த்தீர்களா?

கி.மு. 184-இல் இறந்த பிளாட்டஸ் எழுதிய நாடகம் ‘மெனைக்மி’. எபிடாம்னஸ் நகரில் ஒருவன் வாசலில் நின்று மனைவியை ஏசுகிறான். எங்கே போகிறாய், என்ன செய்தாய் என்று சுங்கச்சாவடிக்காரன் மாதிரிக் குடைகிறாளாம். அவள் உள்ளே போனதும் அங்கியை விலக்குகிறான். அடியில் அவளுடைய மேலாடை! நாலு மினா கொடுத்து இவனே அவளுக்கு வாங்கியது. அதைத் திருடி உடுத்திக்கொண்டு எரோட்டியம் என்ற தாசி வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். இவனுக்கா பரிதாபப்பட்டீர்கள்?

மனைவி தன் தகப்பனுக்கு ஆள் அனுப்பினாள். மகள் வாய் திறக்குமுன்பே கிழவர் தீர்ப்பு எழுதிவிட்டார்: எல்லாம் சீதனத் திமிர்! மேலாடை களவு போன சேதி கேட்ட பிறகுதான் சுருதி இறங்கியது.

சீதனம். முடிச்சு அங்கேதான் இருக்கிறது. 300 ஆண்டு கழித்து ஜுவனால் வருகிறார். அவருடைய ஆறாவது அங்கதப் பாட்டில் ஒரு புருஷன் மனைவியை உத்தமி என்கிறான். ஏனாம்? 10 லட்சம் செஸ்டர்ஸ் கொண்டுவந்தாள். அவனையும் ஜுவனால் குத்துகிறார், மறுக்கவில்லை. ஆனால் அதே பாட்டில், பணக்காரப் பெண்டாட்டியைவிடச் சகிக்க முடியாதது எதுவுமில்லை என்று அவரே முழங்குகிறார். அப்படியானால் விலகிப் போகவேண்டியதுதானே? ரோமில் மணமுறிவு சுலபம். சீதனத்தைத் திருப்பித் தரவேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் தொண்டையில் நிற்கிறது! பணப்பெட்டியை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என்னைச் சிறை வைத்துவிட்டார்களே என்று அலறுகிறவனை நம்பச் சொல்கிறீர்களா?

மெனைக்மி எப்படி முடிகிறது என்பதை நண்பர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அவன் சொத்தையெல்லாம் ஏலத்துக்கு விடுகிறார்கள். அடிமைகள், தட்டுமுட்டுச் சாமான், நிலம், வீடு. வாங்க ஆள் வந்தால் மனைவியும்! அதோடு நாடகம் சரி.

சமையல்காரனுக்குப் பெயர் உண்டு. ஓசிச் சோற்றுக்கு ஒட்டிக்கொண்டவனுக்கும் உண்டு. அந்த மனைவிக்குப் பிளாட்டஸ் பெயரே வைக்கவில்லை. இதே கதையை ஷேக்ஸ்பியர் எடுத்து எழுத, 1594-இல் லண்டனில் நடித்தார்கள். அதில் அவளுக்குப் பெயர் கிடைத்தது: அட்ரியானா.